மதிப்புக் குறைந்ததற்கு மூன்று சாட்சிகள்

ஜனவரி 7

இல்லை, கை நடுங்கவில்லை. பேனாதான் எழுதவில்லை. சம்மன் கொண்டுவந்த நீதிமன்ற ஊழியர் தன் சட்டைப்பையிலிருந்து வேறொன்றை எடுத்துத் தந்தார்.

"இங்கன கையெழுத்து, இங்கன தேதி. மொகத்த ஏம்மா அப்படி வச்சிருக்க? கல்யாணப் பத்திரிகை வாங்குத மாதிரி வாங்கு."

வாங்கினேன். முதல் எதிரி: பால்வண்ணன், ஆசிரியர், 'ரதவீதி' வார இதழ். இரண்டாம் எதிரி: உலகம்மாள், வயது 26, நிருபர். குற்றம் அவதூறு. இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை.

அரசாங்கத் தாள் ஒன்று என்னை எதிரி என்று அழைப்பது இதுவே முதல் முறை. குளிக்கும்போது நினைத்துச் சிரித்தேன். தலைக்கு ஷாம்பூ போட்டோமா என்று மறந்துபோய் இரண்டாம் முறையும் போட்டேன்.

ஜனவரி 8

நடந்தது, சுருக்கமாக.

வழக்குப் போட்ட பிரம்மநாயகம் அண்ணாச்சிக்கு இந்த மஞ்சணைக்கோட்டையில் ஒரு அரிசி ஆலை, ஒரு பள்ளிக்கூடம், ஒரு கல்யாண மண்டபம். கூடவே ஒரு அறக்கட்டளை. போன வருடம் அறக்கட்டளை ஐந்து விழா நடத்தியது. ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு விதவைகளுக்குத் தையல் எந்திரம். ஆக அறுபது.

நான் எழுதியது: அறுபது இல்லை, பன்னிரண்டு. மேடையில் படம் எடுத்து முடிந்ததும், "சர்வீஸ் செஞ்சு வீட்டுக்கே அனுப்புதோம்" என்று சொல்லித் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள். அடுத்த விழாவில் அதே பன்னிரண்டும் புது ரிப்பன் கட்டிக்கொண்டு மேடை ஏறுகின்றன. எந்திரங்களின் எண்களையும் அச்சிட்டிருந்தேன். கடைசி வரி: "இவை ஓரிடத்தில் அடுக்கிவைக்கப்பட்டிருப்பதை நமது நிருபர் நேரில் கண்டார்."

நல்ல வரி. தாளம் இருக்கிறது.

ஜனவரி 9

வக்கீல் எஸ்தர் கனகமணியின் அலுவலகம் மருந்துக்கடை மாடியில். மேஜை முழுக்க வழக்குக் கட்டுகள், நடுவில் டீ, ரஸ்க். நாற்பது வயது இருக்கும். அக்கா என்றே கூப்பிடச் சொன்னார்.

"நேர்ல கண்டார்னு போட்ருக்க. எங்கன கண்ட?"

"ஓரிடத்தில்."

"கோர்ட்ல அப்படி ஒரு அட்ரஸ் கெடையாது பிள்ள."

ரஸ்க்கை முக்கினார். பாதி உடைந்து டீயில் விழுந்தது. ஸ்பூனால் தேடிக்கொண்டே சட்டம் சொன்னார். உண்மையை எழுதினால் மட்டும் போதாதாம். பொது நன்மைக்காக எழுதிய உண்மையாக இருக்க வேண்டும். இரண்டையும் நிரூபிக்க வேண்டியவள் நான்.

"பேச்சுரிமை?" என்றேன்.

"இருக்கு. அதுக்குக் கீழயே நியாயமான கட்டுப்பாடுன்னு ஒண்ணு இருக்கு, அதுல அவதூறும் இருக்கு. ஒங்க காலேஜுல மேல் வரியோட நிறுத்திட்டாங்களோ?"

நிறுத்திவிட்டார்கள். தேர்வில் அந்த மேல் வரிக்கு ஐந்து மதிப்பெண்.

"மெஷின் வாங்கின பொம்பளைங்க சாட்சிக்கு வருவாங்களா?"

"ஏழு பேரைப் பார்த்தேன் அக்கா. யாரும் வர மாட்டாங்க. மெஷின் எப்படியும் வரும்னு இன்னும் காத்துக்கிட்டிருக்காங்க."

"அப்போ ஒனக்கு யாரு சொன்னா?"

"சொல்ல மாட்டேன்."

"எங்கிட்ட சொன்னா வெளிய போவாது."

"தெரியும். சொல்ல மாட்டேன்."

"பிரஸ் கவுன்சில்னா செய்தி குடுத்தவங்க பேரச் சொல்லாம இருக்கலாம். இது கோர்ட். நீ கூண்டுல ஏறி உண்மைன்னு சொன்னா, அடுத்த கேள்வி எப்படித் தெரியும்ங்கறதுதான். நீதிபதி கேட்டா சொல்லித்தான் ஆகணும்." டீயைக் கீழே வைத்தார். "டைரி எழுதுவியா?"

"இல்லை."

"எழுதினா பேரு போடாத. அதையும் கொண்டான்னு கேக்கலாம்."

எனவே எனக்குச் செய்தி தந்தவளுக்கு இங்கே ஊசி என்று பெயர். கனம் நீதிபதி அவர்களே, நீங்கள் இதைப் படிக்க நேர்ந்தால், வணக்கம். என் கையெழுத்துக்கு மன்னிக்கவும்.

ஜனவரி 10

சிலிண்டர் தீர்ந்தது. அவல் நனைத்துத் தின்றேன்.

ஜனவரி 16

பால்வண்ணன் சார் நல்லவர். பயந்தவர். பத்திரிகை நடப்பதே அவருடைய அச்சகத்தால்தான். அச்சகம் நடப்பது அண்ணாச்சி மண்டபத்துக் கல்யாணப் பத்திரிகைகளால். நவம்பரில் என் கட்டுரை வந்தது. டிசம்பரிலிருந்து ஒரு கல்யாணமும் அச்சகத்துக்கு வரவில்லை. ஊரில் காதுகுத்து மட்டும்தான் நடக்கிறது போல.

"மன்னிப்பு கேட்டுட்டா என்னம்மா? வாயா வலிக்கப் போவுது?" என்றார். வரைவு ஒன்றை நீட்டினார். "படிச்சுப் பிழை திருத்து."

திருத்தினேன். மாலைக்குள் இப்படி ஆகியிருந்தது:

"ஐந்து விழாக்களிலும் வழங்கப்பட்டவை ஒரே எந்திரங்களே என்று எழுதியிருந்தோம். மூன்றாம் விழாவில் ஒன்றின் ரிப்பன் பச்சை நிறம் என்பதைக் குறிப்பிடத் தவறிவிட்டோம். வருந்துகிறோம்."

அவர் இரண்டு முறை படித்தார். "மன்னிப்பு மாதிரி இல்லையே."

"வருந்துகிறோம்னு இருக்கே சார்."

"வருத்தம் இருக்கு. அண்ணாச்சிக்கு இதைப் படிச்சா இன்னும்லா வருத்தம் வரும்."

இன்னொரு வரைவு. அதையும் திருத்தினேன். "எண்ணிக்கையில் பிழை நேர்ந்துவிட்டது. பன்னிரண்டு என்பது பதினொன்று என்று இருக்க வேண்டும். ஒன்றுக்கு மிதிப்பலகை இல்லை."

என் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கிக்கொண்டார். சிரித்தாரா என்று சொல்ல முடியவில்லை. முதுகு குலுங்கியது.

பிறகு நாற்காலியை இழுத்து அருகில் போட்டுக்கொண்டு, "நேத்து அண்ணாச்சிகிட்ட பேசினேன்" என்றார். "மன்னிப்புகூட வேண்டாங்காவ. யாரு சொன்னதுன்னு எழுதிக் குடுத்துட்டாப் போதுமாம். ஒரே ஒரு பேரு. கேஸை வாபஸ் வாங்கிருவாவ. அவுகளுக்கு டிரைவர் மேல சந்தேகம்."

"டிரைவர் இல்லை."

"பாத்தியா, யாருன்னு தெரியும்லா ஒனக்கு?"

வாயை மூடிக்கொண்டேன். கொஞ்சம் தாமதமாக.

"அண்ணாச்சியும் லேசுப்பட்ட ஆளில்லம்மா. சொந்தக் கொழுந்தியாளுக்கே ஒரு மெஷின் குடுத்தாவளாம், மேடையில வச்சு. பாவம், அவ புருசன் போயி ரெண்டு வருசம். சொந்தம்னு பாக்காம வரிசையில நிக்க வச்சுக் குடுத்தாவளாம். அந்த மனசு யாருக்கு வரும்?"

யாருக்கும் வராது என்று சொன்னேன்.

பிப்ரவரி 3

முதல் நாள். அண்ணாச்சி நாற்பது பேரோடு வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெள்ளைச் செருப்பு. பின்னால் அவர் மனைவி கோமதியம்மாள், கையில் பிளாஸ்க். அண்ணாச்சிக்குச் சர்க்கரை. பதினோரு மணிக்குக் கேப்பைக் கூழ் குடிக்க வேண்டும். பதினோரு மணிக்கு நீதிமன்ற வராந்தாவில் கோமதியம்மாள் கூழை ஆற்றிக்கொடுத்தார். நாற்பது பேரும் அவர் குடித்து முடிக்கும்வரை நின்றார்கள். ஒருவர் தம்ளரை வாங்கிக் கழுவ ஓடினார். இன்னொருவர் அவரிடமிருந்து அதைப் பிடுங்கினார்.

குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். குரல் எலிபோல வந்தது.

அண்ணாச்சி கூண்டில் ஏறினார். "மேற்படி செய்தியால் சமுதாயத்தில் என் மதிப்பு குறைந்துபோய்விட்டது." மனப்பாடம். 'மேற்படி'யைக்கூட விடவில்லை. அவரைக் குறுக்கு விசாரணை செய்வதை மற்ற சாட்சிகளுக்குப் பின்னால் வைக்கும்படி எஸ்தர் அக்கா மனுப் போட்டார். நீதிபதி ஒப்புக்கொண்டார். இளவயதுக்காரர். சிரிக்காத முகம்.

வெளியே வந்ததும் கேட்டேன், ஏன் தள்ளிவைத்தீர்கள்?

"புகாரைப் படி. மதிப்பு கொறஞ்சுபோச்சுன்னு அடிச்சு எழுதிட்டாரு அவங்க வக்கீல். கொறைக்கணும்னு நெனச்சு எழுதினாலே குத்தம்தான், அப்படி நிறுத்திருக்கலாம். பெருசா எழுதிட்டாரு. எழுதினத நிரூபிக்கணும். பிறர் மதிப்புல தாழ்ந்தாத்தான் அவதூறுன்னு சட்டத்துலயே விளக்கம் இருக்கு. பிறர். அண்ணாச்சி இல்ல."

"அதனால?"

"இந்த ஊருல எவனாவது அண்ணாச்சி முன்னால நின்னு, ஒங்க மேல எனக்கு மதிப்பு கொறஞ்சுட்டுன்னு சொல்லணும்." கைப்பையிலிருந்து ரஸ்க் எடுத்தார். "சொல்லட்டும் பாப்போம்."

பிப்ரவரி 4

ஊசி போனில் பேசினாள். காலை ஒன்பதே முக்கால். எப்போதும் அந்த நேரம்தான். வீட்டு ஆள் ஆலைக்குக் கிளம்பி, பால்காரர் போய், வேலைக்காரி வருவதற்குள் கிடைக்கும் இடைவெளி.

"இப்பத்தான் இட்லியத் தின்னுட்டுக் கெளம்புதாவ. நேத்து ரொம்பப் பயந்திட்டியோ? கோழிக்குஞ்சு மாதிரி நின்னியே."

"இல்லைம்மா."

"பொய் சொல்லாதட்டி."

எனக்குக் கட்டுரை தந்தவள் ஊசி. எண்களையும் படங்களையும் தன் போனிலிருந்து அனுப்பினாள். அந்தப் படங்களைக் காட்டினால் வழக்கு அன்றே முடிந்துவிடும். காட்ட முடியாது. படத்தில் தெரிவது ஒரு மாட்டுத் தொழுவம், தொழுவத்துக்கு ஒரே கதவு, கதவுக்கு ஒரே சாவி. சாவி யாருடைய இடுப்பில் என்று இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

ஏன் எனக்குச் சொன்னீர்கள் என்று இதுவரை கேட்டதில்லை. இன்று கேட்டேன்.

அவளுக்குப் பின்னால் ஒரு பசு கத்தியது.

"எந்தங்கச்சிக்கும் ஒண்ணு குடுத்தாவ. நான் கால்ல விழாத கொறையாக் கேட்டு வாங்கினது. மேடையில வாங்கி, கீழ எறங்கி, ஒரு மணி நேரம் வச்சிருந்தா. அதுக்குள்ள பக்கத்துல நின்ன பொம்பளைக்கு ரவிக்கைக்கு அளவு எடுத்துட்டா கேட்டியா? காயிதம் இல்லாம உள்ளங்கையில எழுதி வச்சிருந்தா. பெறகு வண்டி வந்து தூக்கிட்டுப் போயிட்டாவ. அவ என்னை ஒண்ணும் கேக்கல. கைய மட்டும் கழுவிட்டு வந்தா."

போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

"கோர்ட்ல கேட்டா என் பேரச் சொல்லிரு. பரவாயில்ல."

"சொன்னா எங்க போவீங்க?"

"எங்கன போவ? எங்கண்ணன் வீட்டுல தங்கச்சி தின்னுததே போதும்னு சொல்லுதா மதினி. சொல்லிரு. எனக்கென்ன."

எனக்கென்ன என்று சொல்பவர்கள் குரலை அவ்வளவு இறக்கிச் சொல்வதில்லை.

பிப்ரவரி 17

முதல் சாட்சி. அண்ணாச்சி பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியர் கூத்தபெருமாள். விபூதி, கண்ணாடி, மடித்த கைக்குட்டை. கணக்குப் பாடம் நடத்துவதுபோலச் சொன்னார்: "செய்தியைப் படித்ததும் பிரம்மநாயகம் அவர்கள் மீது எனக்கிருந்த மதிப்பு பெரிதும் குறைந்துவிட்டது. பலரும் அவ்வாறே என்னிடம் கூறினர்."

எஸ்தர் அக்கா எழுந்தார். "எவ்வளவு கொறஞ்சுது?"

"கணிசமாக."

"இப்போ?"

"இப்போதும் குறைவாகவே உள்ளது."

எதை மாற்றிக் கேட்டாலும் பதில் சரியாக வந்தது. ஓட்டையே இல்லை. எஸ்தர் அக்கா உட்கார்ந்துவிட்டார். முதல் தடவையாக அவர் ரஸ்க் எடுக்காததைப் பார்த்தேன்.

"இன்னும் ரெண்டு பேர் இப்படிச் சொன்னா நீ கூண்டுல ஏறணும்" என்றார் படியில் இறங்கும்போது. "அப்போ பேரு வேணும். இல்லன்னா உள்ள போவணும். யோசிச்சு வை."

பிப்ரவரி 18

யோசித்தேன். வெள்ளைத் தாளில் ஒரு பெயரை எழுதிப் பார்த்தேன். எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான். அடித்தேன். அடித்தது போதவில்லை. கிழித்தேன். துண்டுகளை வாளித் தண்ணீரில் ஊறவைத்து, கூழாக்கி, ரோஜாத் தொட்டியில் போட்டேன்.

கனம் நீதிபதி அவர்களே, இது உரம்.

பிப்ரவரி 19

கிழிக்கும் முன் தாளைப் பால்வண்ணன் சாரின் அறைவரை கொண்டுபோனேன். அதை நேற்று எழுதவில்லை. அவர் அறையில் இல்லை. காப்பி குடிக்கப் போயிருந்தார்.

பிப்ரவரி 26

பள்ளிக்கூட ஆண்டு விழா. செய்தி எடுக்கப் போனேன். நோட்டீஸில் வரவேற்புரை கூத்தபெருமாள் என்று இருந்தது. மேடையில் அவருக்கு நாற்காலி இல்லை. ஏதோ தவறு என்று நினைத்து மேடைக்கு அருகில் போனார். மைக் திறந்திருந்தது, அண்ணாச்சிக்கு அது தெரியாது.

"நீரு எங்க வாரீரு?"

"வரவேற்புரை... அண்ணாச்சி..."

"ஒமக்குத்தான் எம்மேல மதிப்பு கொறஞ்சுபோச்சுலா? ஊரறியச் சொன்னீருலா? கீழ உக்காரும்."

"அண்ணாச்சி, நீங்கதான... வக்கீல் சார் எழுதிக் குடுத்ததத்தான..."

"சொல்லச் சொன்னா, இப்படியா சொல்லுவாவ? கணிசமாவாம்லா, கணிசமா! ஒரு தடவ தயங்க வேண்டாமா? தொண்டை அடைக்க வேண்டாமா?"

ஒலிபெருக்கி எட்டு. எல்லாம் நன்றாக வேலை செய்தன. கூத்தபெருமாள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து விழா பார்த்தார். கைக்குட்டையை மடித்தார், பிரித்தார், மடித்தார். பாவமாகத்தான் இருந்தது. என்றாலும் நான் முன்வரிசைகளைப் பார்த்தேன். அந்த நாற்பது பேரும் அங்கே இருந்தார்கள். அவர்களில் இரண்டு பேருக்கு அடுத்த மாதம் சாட்சிக்கு அழைப்பு. இருவர் முகமும் ஒரே நேரத்தில் மாறியது.

மார்ச் 4

இரண்டாம் சாட்சி, மண்டபத்து மானேஜர் சங்கரபாண்டி. இதை அப்படியே எழுதிவைக்கிறேன்.

அவர்கள் வக்கீல் திருநெல்வேலியிலிருந்து வருபவர், பெரிய ஆள். "செய்தியப் படிச்சதும் ஒங்களுக்கு எப்படி இருந்தது?"

"வேதனையா இருந்துது."

"நல்லது. பிரம்மநாயகம் மேல இருந்த மதிப்பு என்ன ஆச்சு?"

சங்கரபாண்டி அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சி அவரைப் பார்த்தார்.

"மதிப்பு..." வியர்த்தது. "மதிப்பு கூடிருச்சு."

வக்கீல் இருமினார். "கேள்வி புரியலன்னு நெனைக்கேன். செய்தி அவரப் பத்தி மோசமா எழுதியிருக்கு. அதப் படிச்ச பெறகு?"

"இப்படி ஒரு நல்ல மனுசனப் பத்தி எழுதிட்டாளேன்னு இன்னும் கூடிருச்சு."

"கொறைஞ்சதுன்னு புகார்ல இருக்கு!"

"அது அவுக பெருந்தன்மை சார். அவுக மதிப்ப அவுகளே கொறைச்சுச் சொல்லிக்கிடுதாவ. நாங்க சொல்லலாமா?"

அண்ணாச்சி தலையை மெல்ல ஆட்டினார். முதல் முறையாக முகம் மலர்ந்திருந்தது. பின்வரிசையில் யாரோ கைதட்டப்போய் அடக்கிக்கொண்டார்கள். வக்கீல் ஒருகணம் கண்ணை மூடித் திறந்தார்.

எஸ்தர் அக்கா எழுந்து, "குறுக்கு விசாரணை இல்லை, யுவர் ஆனர்" என்றார். குரல் நடுங்கியது. பயத்தால் இல்லை.

மார்ச் 9

பல்கலைக்கழகத்தில் நம்பத்தகாத கதைசொல்லி பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். எண்பத்தொரு மதிப்பெண். பேராசிரியர் ஓரத்தில், "எடுத்துக்காட்டுகள் போதாது" என்று எழுதியிருந்தார்.

வண்டிக்குப் புது டயர்.

மார்ச் 18

சொந்த ஆட்கள் சரிப்பட மாட்டார்கள் என்று வக்கீல் முடிவுசெய்துவிட்டார் போல. மூன்றாம் சாட்சி வெளியாள். உரக்கடை வைத்திருக்கும் பரமார்த்தலிங்கம். அண்ணாச்சியிடம் வேலை இல்லை, தொழில் இல்லை, உறவு இல்லை. பயப்படக் காரணம் எதுவுமே இல்லை.

"செய்தியப் படிச்ச பெறகு பிரம்மநாயகம் மேல ஒங்க மதிப்பு என்ன ஆச்சு?"

"கொறையல."

"பயப்படாமச் சொல்லுங்க."

"எனக்கென்ன பயம்? உண்மையச் சொல்லுவேன்னு இப்பத்தான சொல்லிட்டு ஏறினேன்." கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "மொதல்ல அளவு என்னன்னு கேளுங்க. இருந்தாத்தான கொறையும்? அன்னைக்கு என்ன இருந்துதோ அதான் இன்னைக்கும் இருக்கு."

"அதாவது, நல்ல மதிப்பு."

"நல்ல மதிப்புன்னு நான் எங்க சொன்னேன்?"

நீதிபதி மேஜைக்கு அடியில் எதையோ தேடக் குனிந்தார். வெகுநேரம் தேடினார். நிமிர்ந்தபோது கண்ணோரம் ஈரமாக இருந்தது. எதுவும் கிடைக்கவில்லை போல.

அடுத்த விசாரணையில் அண்ணாச்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எஸ்தர் அக்கா தேதி கேட்டார். எந்திரங்கள் வாங்கிய ரசீதுகள் எல்லாவற்றையும் கொண்டுவரச் சொல்லி ஒரு மனுவும் கொடுத்தார். திருநெல்வேலி வக்கீல் மனுவைப் படித்துவிட்டு, குனிந்து அண்ணாச்சியின் காதில் சொன்னார். சொல்லிக்கொண்டே இருந்தார்.

மார்ச் 19

ஒன்பதே முக்கால்.

"நேத்து வந்ததுலேருந்து சங்கரபாண்டி சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லுதாவட்டி. 'கூடிருச்சுன்னு சொன்னாம் பாத்தியா, கோர்ட்டுல, சத்தியம் பண்ணி.' அந்த வாக்குமூலத்துக்கு நகல் வாங்கணுமாம். கண்ணாடி போடணுமாம்."

"உரக்கடைக்காரர் சொன்னது?"

"அவரு சொன்னதுல 'கொறையல' வரைக்குந்தான் காதுல விழுந்திருக்கு." சிரித்தாள். நீண்ட நாளைக்குப் பிறகு. "வக்கீலு ரசீதக் கேட்டாராம். ரசீது எங்கடின்னு என்னையக் கேக்காவ. மாடு தின்னுட்டுன்னேன்."

மார்ச் 30

வாபஸ். மனுவில் காரணம்: தன் மதிப்பு சிறிதும் குறையவில்லை என்று தன் தரப்புச் சாட்சிகளே கூறிவிட்டபடியால் வழக்கை மேற்கொண்டு நடத்த விரும்பவில்லை. நீதிபதி அனுமதித்தார். எதிரிகள் இருவரும் விடுதலை. நான்கு நிமிடம்.

பால்வண்ணன் சார் அழுதார். எஸ்தர் அக்கா அவருக்கு ரஸ்க் கொடுத்தார்.

பெயரைச் சொல்ல வேண்டி வரவில்லை. அவள் வீட்டில் அவள் இருக்கிறாள். நான் என் அறையில் இருக்கிறேன்.

ஆனால் சந்தோஷம் பாதிதான். என்னைக் காப்பாற்றியது உண்மை இல்லை, பேச்சுரிமை இல்லை. முகஸ்துதி. ஒரு மனிதன் எதிரில் ஒரு ஊரே உண்மை சொல்லக் கூசியது, அந்தக் கூச்சத்தில் நான் தப்பித்தேன். இதை எந்தத் தாளில் எழுதினாலும் எண்பத்தொன்று வராது.

ஏப்ரல் 2

'நேரில் கண்டார்' என்பதை ஆசிரியர்தான் சேர்த்தார் என்று பிறகொரு நாள் எஸ்தர் அக்காவிடம் சொல்லியிருந்தேன். இல்லை. நான்தான். அந்த இடத்துக்கு நான் போனதே இல்லை. போனில் படம் பார்த்தேன். வரிக்குத் தாளம் வேண்டியிருந்தது.

அண்ணாச்சியைப் பற்றி எழுதியது எல்லாம் உண்மை. என்னைப் பற்றி எழுதிய ஒரே வரி பொய். என் மேல் யாரும் வழக்குப் போட முடியாத வரி அது.

ஏப்ரல் 5

பேருந்து நிலையத்தில் ஃபிளெக்ஸ். "நீதிமன்றத்திலும் மதிப்புக் குறையாத மாமனிதர்!" அண்ணாச்சி கும்பிடுகிறார். பின்னால் தராசு. பாராட்டு விழா ஏப்ரல் 12, மண்டபத்தில். ஏழை விதவைகளுக்குத் தையல் எந்திரம் வழங்கப்படும்.

அலுவலகத்துக்கு அழைப்பிதழே வந்தது. எங்கள் அச்சகத்தில் அடித்ததுதான். பால்வண்ணன் சார் அதை என் மேஜையில் வைத்துவிட்டு, "போவியா?" என்றார். "போ. சாப்பாடு நல்லாருக்கும்."

ஏப்ரல் 12

சாப்பாடு நன்றாக இருந்தது. பாயசத்தில் முந்திரி.

அண்ணாச்சி என்னைப் பார்த்துக் கையசைத்தார். மேடைக்குக் கூப்பிட்டு, "நம்ம ஊருப் பிள்ள, அறியாம எழுதிட்டு, நான் மன்னிச்சிட்டேன்" என்று மைக்கில் சொன்னார். கைதட்டல். பன்னிரண்டு பெண்கள், பன்னிரண்டு எந்திரங்கள், மஞ்சள் ரிப்பன். படம் எடுத்தார்கள். கீழே இறங்கியதும் ஒருவர் பணிவாக, "சர்வீஸ் செஞ்சு வீட்டுக்கே அனுப்புதோம்மா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு பெண் கைப்பிடிச் சக்கரத்தைக் கொஞ்சநேரம் விடவில்லை. பிறகு விட்டாள்.

பிற்பகல் மூன்று மணிக்கு குட்டியானை சரக்கு வண்டி மண்டபத்தின் பின்பக்கம் வந்தது. என் ஸ்கூட்டரில் பின்னால் போனேன். ஒளிந்து போகவில்லை. டிரைவர் இரண்டு முறை திரும்பிப் பார்த்து, மூன்றாம் முறை சிரித்தார். அரிசி ஆலைத் தெரு, கிணறு, வேப்பமரம், அண்ணாச்சி வீட்டுப் பின்வாசல். எந்திரங்களை இறக்கித் தொழுவத்துக்குள் வைத்துவிட்டு வண்டி போய்விட்டது.

கோமதியம்மாள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு கதவருகே வந்தார். வேலிக்கு வெளியே நிற்கும் என்னைப் பார்த்தார். முன்பின் தெரியாதவளைப் பார்ப்பதுபோல. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றார். பிறகு, "ஏ செவலே, ஒனக்குத் தண்ணி வைக்கலயோ" என்று சத்தமாகப் பசுவிடம் கேட்டார். கதவைப் பூட்டவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். மெதுவாகத்தான் போனார்.

ஊசி யார் என்று இதில் நான் எங்கும் எழுதவில்லை, கனம் நீதிபதி அவர்களே.

வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். சாணியும் எந்திர எண்ணெயும் கலந்த வாசனை. படத்தில் அது வந்திருக்கவில்லை. பன்னிரண்டின் எண்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதிக்கொண்டேன். இரண்டில் எண் தேய்ந்திருந்தது, விரலால் தடவிப் படித்தேன். வெளியே வந்து, படலைச் சாத்தி, அலுவலகத்துக்குப் போய்த் தட்டச்சு செய்ய உட்கார்ந்தேன்.